கேள்வி–பதில்: ரிசார்ட்டும் சாலியாறும்

கேள்வி: மே மாதக் கூட்டத்திலிருந்து தப்பித்து, கடற்கரை ரிசார்ட் ஒன்றில் குடும்பத்தோடு மூன்று நாள் ஹாயாக இருந்துவிட்டு வரலாம் என்று திட்டம். ரிசார்ட்டுக்குள்ளேயே எல்லாம் கிடைக்க வேண்டும். பக்கத்தில் நாலு இடமும் பார்க்க வேண்டும். எங்கே போகலாம்?
— ஒரு வாசகி, கூடலூர் (நீலகிரி)

பதில்: கூடலூரில் இருந்துகொண்டு ‘ரிசார்ட்டுக்குள்ளேயே எல்லாம்’ என்று கேட்கிறீர்களே, அதைப் பேசிவிட்டு அப்புறம் கடலுக்கு வருகிறேன்.

உங்கள் ஊரிலிருந்து முதுமலை வழியாக மசினகுடிக்கு எத்தனையோ முறை போயிருப்பீர்கள். அந்தச் சீகூர் பீடபூமியில், யானைகள் காலங்காலமாக நடந்த தடத்தில் வேலி போட்டு, உள்ளே விடுதி கட்டி, ‘காட்டுக்குள் தங்கலாம் வாங்க’ என்று விற்றார்கள். 2010இல் தமிழக அரசு அந்த நிலத்தை யானை வழித்தடமாக அறிவித்தது. விடுதிக்காரர்கள் வழக்குப் போட்டார்கள். 2011இல் சென்னை உயர் நீதிமன்றமும், 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் அரசின் அறிவிப்பு செல்லும் என்று சொல்லிவிட்டன. இதை நான் எழுதும்போதெல்லாம் மசினகுடி வாசகர் ஒருவர், “எங்கள் பிழைப்புக்கு என்ன வழி?” என்று காரசாரமாகக் கடிதம் போடுவார். ஐயா, ஜீப் ஓட்டியவர், சமைத்தவர், அறையைப் பெருக்கியவர் ஆகியோருக்கு மாற்று வேலை கேட்டு நீங்கள் மனு எழுதுங்கள், முதல் கையெழுத்து நான் போடுகிறேன். ஆனால் வேலி போட்ட முதலாளிக்காக நீங்கள் வாதாடுவதை என்னால் ஏற்க முடியாது. அடுத்த கடிதத்துக்கும் இதுவே பதில்.

கடலோரத்திலும் இதே வியாதி உண்டு. கொச்சி மரடில் கடலோர ஒழுங்குமுறை விதியை மீறிக் காயல் ஓரம் கட்டிய நான்கு அடுக்குமாடி வளாகங்களை 2020 ஜனவரியில் வெடி வைத்துத் தகர்த்தார்கள். அதனால் அறை போடுவதற்கு முன், அந்த விடுதி மணலை வளைத்துச் சுவர் கட்டியிருக்கிறதா, மீனவர்கள் கரை வழியாக நடந்து போக முடிகிறதா என்று ஒரு போன் போட்டுக் கேளுங்கள். யானைத் தடத்தை அடைத்ததைப் பார்த்த ஊர்க்காரர் நீங்கள். நீங்களே கேட்காவிட்டால் வேறு யார் கேட்பார்கள்?

சரி, எங்கே போவது? கோழிக்கோட்டுக்குத் தெற்கே, சாலியாறு கடலில் கலக்கும் பேப்பூர். பாண்டியாறும் புன்னம்புழையும் உங்கள் பக்கத்து மழையைச் சுமந்துகொண்டு கீழே இறங்கிச் சாலியாற்றில்தான் சேர்கின்றன. நாடுகாணி, வழிக்கடவு, நிலம்பூர் என்று நீங்களும் அந்தத் தண்ணீர் போகும் திசையிலேயே இறங்கலாம். காலையில் கிளம்பினால் மதியச் சாப்பாடு கடலோரத்தில்.

வழியில் நிலம்பூரில் மட்டும் நில்லுங்கள். மலபார் கலெக்டர் கனோலி 1840களில் போட்ட தேக்குத் தோட்டம் ஆற்றங்கரையில் இன்னும் நிற்கிறது. உலகிலேயே மிகப் பழைய தேக்குத் தோட்டம் அது. நிலம்பூர்த் தேக்கை இந்த ஆற்றில் மிதக்கவிட்டுத்தான் ஒரு காலத்தில் கடலுக்குக் கொண்டுபோனார்கள். பேப்பூரில் ‘உரு’ என்கிற பெரிய மரக்கப்பல்களை அந்த மரத்தால் கட்டி அரபு நாடுகளுக்கு அனுப்பினார்கள்.

உருக் கட்டும் பட்டறையில் வேலை நடந்தால், அனுமதி கேட்டு அரை நாள் அங்கேயே இருங்கள். காகிதத்தில் வரைபடம் இல்லாமல், மூத்த ஆசாரியின் மனக்கணக்கில் கப்பல் எழும்பும் இடம் அது. பலகைக்கும் பலகைக்கும் நடுவிலுள்ள இடுக்கில் பஞ்சுத் திரியை உளியால் அடித்து இறுக்குகிறவரின் கையைப் பாருங்கள். பிள்ளைகளுக்கு எந்த நீச்சல் குளமும் அதைக் காட்டாது. கட்டி முடித்த கப்பலைத் தண்ணீரில் இறக்குகிறவர்கள் மாப்பிளா கலாசிகள். கயிறு, கப்பி, மர உருளை, கூட்டமாகப் பாடும் பாட்டு, இவைதான் அவர்களுடைய இயந்திரம். 1988இல் பெருமண் ரயில் விபத்தில் அஷ்டமுடிக் காயலில் விழுந்த பெட்டிகளைக் கரையேற்ற இவர்களைத்தான் கூப்பிட்டார்கள். இப்படிப்பட்ட தொழிலாளிகளைப் பற்றி நம் பள்ளிப் பாடத்தில் ஒரு பக்கம்கூட ஏன் இல்லை என்று நான் பல இதழ்களாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். இன்னும் கேட்பேன்.

மீன்பிடித் துறைமுகத்துக்கும் போங்கள். ஆனால் ஓரமாக நில்லுங்கள். மத்தியும் அயிலையும் கூடை கூடையாக இறங்கி ஏலம் போகும் நேரத்தில் குறுக்கே நின்று செல்ஃபி எடுப்பது, நம் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் பெண்களுக்கு நடுவே புகுந்து கேமராவை நீட்டுகிறார்களே, அதே காரியம்தான். அதைப் பார்த்து உங்களுக்கும் கோபம் வந்திருக்கும்.

மாலையில் ஜங்காரில் (வண்டிகளையும் ஏற்றும் படகில்) ஏறி அக்கரை சாலியத்துக்குப் போய் வரலாம். 1531இல் போர்த்துகீசியர் அங்கே கோட்டை கட்டினார்கள். 1571இல் கோழிக்கோட்டு மன்னர் சாமூதிரியின் படை அதைப் பிடித்து இடித்துத் தள்ளியது. மலபாரின் முதல் ரயில் பாதையும் 1861இல் திரூரிலிருந்து இந்தச் சாலியத்துக்குத்தான் வந்தது. இன்னொரு நாள் கோழிக்கோடு மிட்டாய்த் தெரு, கடற்கரையில் உப்பிலிட்ட நெல்லிக்காய், வறுத்த கல்லும்மக்காய் (கடல் சிப்பி). போதும். காப்பாடு, வயநாடு என்று நீட்டாதீர்கள். ஹாயாக இருக்க வேண்டும் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

மே மாதம் மட்டும் வேண்டாம். ஊட்டி மலர்க் கண்காட்சிக்குச் சுற்றுலாக்காரர்கள் ஏற, நீங்கள் இறங்க, நாடுகாணி வளைவில் பாதி நாள் போய்விடும். அரபிக்கடல் மே கடைசியிலேயே கொந்தளிக்கத் தொடங்கிவிடும். ஜூனுக்குத் தள்ளினாலும் பயனில்லை. ஜூன் 9 நள்ளிரவிலிருந்து ஜூலை 31 வரை கேரளத்தில் விசைப்படகுகளுக்கு 52 நாள் தடை, துறைமுகமே அடங்கிக் கிடக்கும். பொங்கல் விடுமுறையில் போங்கள். கடல் அமைதியாக இருக்கும், வெயில் தாங்கும், கோழிக்கோட்டில் அது சாதாரண வேலை நாள் என்பதால் கூட்டமும் இராது. தோட்டத்திலும் அப்போது கொழுந்து குறைவு.

குளிக்க இறங்கும் முன் உள்ளூர் மீனவர் யாரிடமாவது கேளுங்கள். ஆறு கடலில் சேரும் இடத்திலும் புலிமுட்டு எனப்படும் அலைத்தடுப்புக் கற்களுக்குப் பக்கத்திலும் இறங்கவே கூடாது. ஓடையும் அருவியும் தெரிந்த நம் பிள்ளைகளுக்கு அலை திரும்பி இழுக்கும் இழுப்பு தெரியாது. இடுப்பளவுத் தண்ணீர்தானே என்று விட்டுவிடாதீர்கள், கையைப் பிடித்துக்கொண்டே நில்லுங்கள்.