சிடி ஸ்கேன் நார்மல், ஆனால் சர்க்கரை 41: கணையத்தில் கட்டி இல்லை என்று விட்டுவிடலாமா?

கேள்வி: 34 வயதுத் தம்பி விடியற்காலையில் எழுப்பினால் உளறுகிறான், வியர்த்துக் கொட்டுகிறது. வலிப்பு என்று மாத்திரை கொடுத்தார்கள். ஒருநாள் வீட்டு மீட்டரில் சர்க்கரை 41. சர்க்கரைத் தண்ணீர் குடித்ததும் தெளிந்துவிட்டான். நீரிழிவு கிடையாது. சிடியில் கணையம் நார்மல். இத்தோடு விட்டுவிடலாமா?

பதில்: விட்டுவிடாதீர்கள். வெறும் வயிற்றில் தடுமாற்றம், அந்த நேரத்தில் சர்க்கரை குறைவு, கொடுத்ததும் தெளிவு. இந்த மூன்றும் சேர்ந்தால் இன்சுலினோமா (கணையத்தில் வந்து இன்சுலினை அளவில்லாமல் சுரக்கும் கட்டி) என்பதை நினைக்கவேண்டும் என்று ஆலன் விப்பிள் என்ற அறுவைச் சிகிச்சை நிபுணர் 1930களிலேயே சொல்லிவிட்டார். அரிய கட்டி என்பதால் யாருக்கும் முதலில் நினைவுக்கு வருவதில்லை, வலிப்பு என்றும் மனநோய் என்றும் வருடக்கணக்கில் மாத்திரை சாப்பிட்டவர்கள் உண்டு. பெரும்பாலும் 2 செ.மீ.க்கும் குறைவு, அதனால் சாதாரண சிடியில் தப்பிவிடும்.

அதற்காக உடனே அடுத்த ஸ்கேனுக்கு ஓடவேண்டாம். முதலில் ரத்தத்தில் நிரூபிக்க வேண்டும், அப்புறம்தான் இடம் தேடுவது. எண்டோகிரைன் (ஹார்மோன் நோய்) மருத்துவர் வார்டில் சேர்த்து 72 மணி நேரம் வரை பட்டினி வைத்துப் பார்ப்பார் (வீட்டில் இதைச் செய்யவே கூடாது). வீட்டு மீட்டரை நம்பி முடிவு செய்ய முடியாது. சர்க்கரை 55-க்குக் கீழே போய் அறிகுறியும் வரும்போது கை நரம்பில் எடுக்கிற ரத்தம்தான் எல்லாமே. எடுத்த கையோடு குளுக்கோஸ் ஏற்றிவிடுவார்கள். அந்த ரத்தத்தில் இன்சுலின் 3 µU/mL அல்லது அதற்கு மேலும், சி-பெப்டைடு (கணையம் இன்சுலினோடு சேர்த்து வெளிவிடும் பொருள்) 0.6 ng/mL அல்லது அதற்கு மேலும் இருந்தால், சர்க்கரை இவ்வளவு இறங்கியும் கணையம் இன்சுலினை நிறுத்தவில்லை என்று அர்த்தம்.

அதே ரத்தத்தில் சர்க்கரை நோய் மாத்திரை கலந்திருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். வீட்டில் அப்பாவோ அம்மாவோ கிளிமிபிரைடு என்ற சர்க்கரை நோய் மாத்திரை சாப்பிட்டால் மாத்திரை மாறியிருக்கலாம், ரிசல்ட் அச்சு அசலாகக் கட்டி மாதிரியே வரும். இன்சுலின் நூற்றுக்கணக்கில் எகிறினால், உடம்பே இன்சுலினுக்கு எதிராக ஆன்டிபாடி (எதிர்ப்புப் புரதம்) உண்டாக்கியிருக்கிறதா என்று பார்க்கும் டெஸ்ட் அவசியம். கால் எரிச்சலுக்குத் தரும் ஆல்ஃபா லிபோயிக் ஆசிட் மாத்திரையாலும் அப்படி ஆன்டிபாடி உண்டாவதுண்டு, அதற்கு ஆபரேஷன் தேவையில்லை.

நிரூபணமானால் கணையத்துக்கென்றே எடுக்கும் சிடி அல்லது எம்ஆர்ஐ, அதிலும் சிக்காவிட்டால் எண்டோஸ்கோப்பை இரைப்பைக்குள் விட்டுப் பார்க்கும் அல்ட்ராசவுண்ட். டோட்டாடேட் பெட் ஸ்கேன் (கதிரியக்க மருந்தை ஊசியில் செலுத்திக் கட்டியைத் தேடுவது) இந்தக் கட்டியில் சில சமயம் ஏமாற்றிவிடும். எக்ஸெண்டின் என்ற வேறு மருந்தை வைத்து எடுக்கும் பெட் நன்றாகப் பிடிக்கும், ஆனால் சில பெரிய மையங்களில்தான் உண்டு. பத்தில் ஒன்பது புற்றுநோயல்ல, எடுத்துவிட்டால் குணமாகிவிடும்.

அதுவரை படுக்கும் முன் சாப்பாடு, நடுராத்திரி அலாரம் வைத்து ஏதாவது கொடுங்கள், வண்டி ஓட்ட விடாதீர்கள். நினைவில்லாதபோது வாயில் எதையும் ஊற்றாமல் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போங்கள். வலிப்பு மாத்திரையை மருத்துவர் சொல்லாமல் நீங்களாக நிறுத்த வேண்டாம்.