எந்த ஊர்ப் பொண்ணு உசரம்?

அன்புள்ள அக்கா,

நான் தன்லின்ல இருக்கேன், வயசு 27, ரங்கூன்ல போன் கடையில வேலை. வீட்டுல பொண்ணு பாக்குறாங்க. மோல்மேன் பக்கம் ஒரு பொண்ணு, எனக்குப் பிடிச்சிருக்கு, ஆனா நாலடி பத்து அங்குலம்தான். "குட்டப் பொண்ண எடுத்தா வம்சமே குட்டையாப் போயிடும்"னு அப்பா ஒத்தக் கால்ல நிக்கிறார். யோசிச்சா எனக்கும் சந்தேகமாத்தான் இருக்கு. கடைக்கு வர்ற சின் மலைக்காரங்க குட்டையா இருக்காங்க, ரங்கூன் பசங்க வளத்தியா இருக்காங்க. இந்தியாவுலயும் பஞ்சாபிங்க உசரம், நம்மாளுங்க குட்டைங்கிறாங்க. ஒரே நாட்டுக்குள்ள ஊருக்கு ஊரு உசரம் மாறுறது தண்ணியாலயா, மண்ணாலயா, ரத்தத்தாலயா? எந்தப் பக்கம் பொண்ணு எடுத்தா புள்ளைங்க உசரமாப் பொறக்கும்? பேரு போட வேணாம்க்கா.

*

தம்பி, பேரு போடல. போட்டிருந்தா அந்தப் பொண்ணு வீட்டுல இருந்து யாராச்சும் வெளக்குமாத்தோட தன்லினுக்கு பஸ் ஏறியிருப்பாங்க. நானும் மோல்மேன்காரிதான், நானே வந்தாலும் வந்திருப்பேன்.

தண்ணி மண்ணு கேள்விய விடுங்க. அதுல ஒண்ணே ஒண்ணுதான் தேறும், அத அப்புறம் சொல்றேன். உங்க கடுதாசிக்கு ஏன் பதில் எழுதுறேன்னா, போன மாசம் ஒரு சொந்தக்கார வீட்டுக்குப் போயிருந்தேன், மருமகப் பொண்ணு ஆறு மாசம் முழுகாம இருக்கா, வீட்டு ஆம்பளைங்க, விருந்தாளி, பசங்க எல்லாரும் சாப்ட்டு எந்திரிச்சப்புறம் அடுப்பாங்கரையில உக்காந்து கொழம்புச் சட்டிய சோத்தப் போட்டு வழிச்சுட்டு இருக்கா, மீனு ஒரு துண்டு கெடையாது, வெறும் மசாலாதான், கேட்டா மாமியாக்காரி சொல்றா, "நெறைய சாப்ட்டா புள்ள பெருத்துப் போயி பிரசவம் கஷ்டமாயிடும்"னு. அதுல இருந்து மனசு கெடந்து அடிச்சிக்குது, அந்த நேரம் பாத்து "எந்தப் பக்கம் பொண்ணு எடுத்தா"ன்னு நீங்க எழுதுறீங்க. மாட்டுச் சந்தைக்கா போறீங்க தம்பி?

சரி, நீங்க சொன்ன சின் மலையையே எடுத்துக்குவோம். 2015-16ல நம்ம பர்மா முழுக்க குடும்ப சுகாதார சர்வே எடுத்தாங்க. அஞ்சு வயசுக்குக் கீழ இருக்குற புள்ளைங்கள்ல வயசுக்கேத்த உசரம் இல்லாதவங்க நாடு பூரா 29 சதவீதம். சின் மாநிலத்துல 41, ரங்கூன்ல 20. கடையில நீங்க பாக்குற ஆளுங்க அதே மாதிரி கொழந்தைங்களா இருந்து வளந்தவங்கதானே. மலையில பல ஊருக்கு ரோடு சரியில்ல, அரிசி பத்தாத மாசம் இருக்கு, ஆஸ்பத்திரி தூரம். ரங்கூன்ல முட்ட, கோழி, தடுப்பூசி எல்லாம் தெரு முக்குல. ரத்தத்தப் பாக்குறதுக்கு முன்னாடி இதப் பாருங்க. வயித்துல இருக்குறப்பவும், பொறந்து ரெண்டு வயசு வரைக்கும் சரியா சாப்பாடு கெடைக்காம அடிக்கடி வயித்தால போயிட்டே இருந்தா அந்தக் கொழந்தையோட எலும்பு வளராது, பின்னால எவ்ளோ போட்டாலும் விட்டுப் போனது முழுசாத் திரும்பி வராது.

பஞ்சாப் கதையும் அப்படித்தான். பஞ்சாபிங்க சராசரியில உசரந்தான், யாரு இல்லன்னா. ஆனா 2019-21 இந்திய சர்வேய பாருங்க, வளர்ச்சி குன்றின புள்ளைங்க பஞ்சாப்ல 24.5 சதவீதம், தமிழ்நாட்டுல 25. கிட்டத்தட்ட ஒண்ணுதான. மேகாலயாவுல 46.5! அப்ப வடக்கு, தெக்குன்னு கோடு போட்டு எங்க நிறுத்துவீங்க?

ஜீனே கெடையாதுன்னு நான் சொல்லல. 2022ல 50 லட்சம் பேருக்கு மேல ஆராய்ச்சி பண்ணி உசரத்தோட சம்பந்தப்பட்ட 12 ஆயிரம் மரபணு வித்தியாசங்களக் கண்டுபிடிச்சிருக்காங்க, ஒரே வீட்டுல ஒரே சோறு தின்ன அண்ணன் தம்பிக்குள்ள வித்தியாசம் வர்றது பெரும்பாலும் அதாலதான். ஆனா ஊருக்கும் ஊருக்கும் நடுவுல இருக்குற வித்தியாசத்த அப்படியே தூக்கி ரத்தத்து மேல போடக் கூடாது. கொரியா ஒரே சனம்தானே? 1945ல நடுவுல கோடு போட்டாங்க, இன்னிக்கு தெக்க இருக்குறவங்க வடக்க இருக்குறவங்கள விட வளத்தி. தென்கொரியப் பொம்பளைங்க சராசரி நூறு வருஷத்துல 20 சென்டிமீட்டர் ஏறியிருக்கு, அதுக்குள்ள ரத்தம் மாறிடுச்சா? உலக சுகாதார நிறுவனம் 1997ல இருந்து 2003 வரைக்கும் பிரேசில், கானா, இந்தியா, நார்வே, ஓமன், அமெரிக்கான்னு ஆறு நாட்டுல, நல்லா சாப்ட்டு தாய்ப்பாலும் குடிச்சு நோயில்லாம வளந்த புள்ளைங்கள அளந்து பாத்தாங்க. அஞ்சு வயசு வரைக்கும் எல்லாம் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் வளந்துச்சு. டெல்லிப் புள்ளையும் ஆஸ்லோப் புள்ளையும்!

தண்ணி மண்ணுல ஒண்ணு தேறும்னேனே, அது அயோடின். பர்மாவோட வடகோடியில, கச்சின் மாநிலத்துல புத்தாவோ ஊருக்கும் வடக்க, ககாபோராசி மலைப் பக்கம், தரோன்னு ஒரு சின்னக் கூட்டம், ஆளுங்க ரொம்பக் குள்ளம். அவங்களப் பாக்க 1960கள்ல நம்ம பர்மா டாக்டருங்களே மலையேறிப் போயிருக்காங்க. அந்தப் பக்கம் மண்ணுல அயோடின் கம்மி, மழையும் பனியும் அரிச்சுட்டுப் போயிடும், அயோடின் சேத்த உப்பும் அப்ப வந்து சேரல, சனங்களுக்கு கழுத்துல கழலை இருந்துச்சு. அயோடின் இல்லன்னா தைராய்டு ஓடாது, புள்ளைங்க உடம்பும் வளராது, மூளையும் வளராது. தரோன்களோட குள்ளத்துக்கு அது மட்டுமே காரணம்னு நான் சொல்ல மாட்டேன், சின்னக் கூட்டத்துக்குள்ளயே கல்யாணம் பண்ணிக்கிட்டதும் சேந்திருக்கு. 1990கள்ல ஆலன் ரபினோவிட்ஸ்னு அமெரிக்கக் காட்டு விலங்கு ஆராய்ச்சிக்காரர் அங்க போனப்ப, வேட்டைக்காரங்க மிருகத்தோட தோலையும் கொம்பையும் சீன வியாபாரிங்ககிட்ட குடுத்துட்டு பதிலுக்கு வாங்கினது எதன்னு நெனைக்கிறீங்க? உப்பு. எங்க மோன் கரையில பாத்தி கட்டி வெயில்ல காய வச்சு குவிச்சுப் போட்டிருப்பானே, அந்த உப்பு.

எங்கயோ போயிட்டேன். உங்கப்பா விஷயத்துக்கு வரேன்.

அம்மா குட்டையா இருந்தா புள்ள சின்னதாப் பொறக்க, குட்டையா வளர வாய்ப்பு கூட, உண்மைதான், உங்கப்பா சொன்னதுல அவ்ளோதான் உண்மை. ஆனா அந்த அம்மா ஏன் குட்டைன்னு அவர் கேக்க மாட்டாரே! எங்க வீட்டுல நாங்க நாலு பேரு. வாரத்துல ஒரு நாள் அம்மா மொஹிங்கா, அதான் மீன் கொழம்பு நூடுல்ஸ், பண்ணும், ஒரே ஒரு வாத்து முட்டைய அவிச்சு தையல் நூலப் பல்லுல கடிச்சுப் பிடிச்சு, இன்னொரு முனையக் கையில இழுத்து நாலா அறுக்கும், கத்தியில வெட்டினா மஞ்சக்கரு ஒட்டிக்கிட்டு வீணாயிடும்னு. நடுவுல இருக்குற ரெண்டு துண்டு அண்ணனுக்கும் தம்பிக்கும். ஓரத்துத் துண்டுல மஞ்சக்கரு பேருக்குத்தான் இருக்கும், சில நாள் அதுவும் இருக்காது, வெறும் வெள்ள, அது எனக்கும் அக்காவுக்கும். அம்மாவுக்கு நூலுல ஒட்டுனது. யாரும் வஞ்சகம் பண்ணல, அம்மா எங்க மேல உசிரையே வச்சிருந்துச்சு, ஆனா அந்த வரிச ஒரு நாள்கூட மாறினதே இல்ல. அண்ணன் அஞ்சடி எட்டு, அக்கா நாலடி பத்தரை. அக்காவப் பொண்ணு பாக்க வந்தவங்களும் இதையேதான் சொன்னாங்க, குட்டைன்னு, எங்கம்மா பக்கத்துல நின்னு தலையக் குனிஞ்சிருந்துச்சு.

ஆம்பளைங்க இயல்பாவே உசரம்ப்பான்னு யாராச்சும் வருவீங்க. தெரியும், அந்த வித்தியாசம் எல்லா நாட்டுலயும் இருக்கு. நான் சொல்றது அதுக்கு மேல விழுறது. இந்தியாவப் பத்தி ரெண்டு பொருளாதாரக்காரங்க 2017ல எழுதுனாங்க, அங்க மொதப் புள்ள உசரத்துல ஆப்பிரிக்கா மொதப் புள்ளைக்குக் கொறைஞ்சதில்ல, ரெண்டாவது மூணாவதுன்னு போகப் போகத்தான் கீழ எறங்குதுன்னு, காரணம் மூத்த ஆம்பளப் புள்ள மேல வைக்கிற ஆச. ஆங்கஸ் டீட்டன்னு இன்னொரு பொருளாதாரக்காரர் 2008லயே காட்டினார், இந்தியாவுல ஆம்பளைங்க சராசரி ஏறின வேகத்துல பாதிகூட பொம்பளைங்களுது ஏறலன்னு. மூத்தவனுக்கு மஞ்சக்கரு, கடசிப் பொண்ணுக்கு வெள்ள, இத லட்சக்கணக்கான வீட்டுல செஞ்சா ஒரு மாநிலத்தோட சராசரியே எறங்கும் தம்பி. அப்புறம் அந்த மாநிலத்துப் பொண்ணுங்க குட்டைன்னு நாமளே பேரும் வைப்போம். உங்கப்பாகிட்ட கேளுங்க, உங்க வீட்டுல உங்கம்மா என்னிக்காச்சும் அவருக்கு முன்னாடி சாப்ட்டிருக்காங்களான்னு. கோவிச்சுக்குவார். பரவால்ல, கேளுங்க.

பொண்ணு பிடிச்சிருக்குன்னு எழுதியிருக்கீங்க, அதான் கடுதாசியிலயே நல்ல வரி. போயி பேசுங்க. அவங்களுக்கு உங்களப் பிடிச்சிருக்கான்னு கேட்டீங்களா? அது கடுதாசியில எங்கயுமே இல்ல.

உங்க கடுதாசியில கீழ ஒரு வரி இருந்துச்சு, நான் வெட்டிட்டேன், உசரமாக்குற மாத்திரன்னு பேஸ்புக்ல விக்கிறானே, உங்களுக்கு ரெண்டு இஞ்சு ஏறுமான்னு. 27 வயசுல எலும்பு முனை மூடியாச்சு, ஒரு நூலு கூட ஏறாது. ஆர்டர் போட்டிருந்தா இன்னிக்கே கேன்சல் பண்ணுங்க.