உறவை நம்பி நடக்கும் ஆசிய வியாபாரம் உலகமயத்தில் கரைந்துவிடுமா?

சீனர்கள் குவான்சி என்று சொல்லும் உறவு-பழக்கத் தொடர்பையும், நம் நகரத்தாரையும் (செட்டிநாட்டுச் செட்டியார்கள்) சொல்லி, இந்த உறவு வியாபாரமெல்லாம் இனி எத்தனை நாளைக்கு என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்குத் தெரிந்தது நீலகிரியில் கோத்தகிரிப் பக்கத்துத் தேயிலைக் கொழுந்து வியாபாரம். அதை வைத்துச் சொல்கிறேன்.

எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் தேயிலை. ஃபேக்டரிக்கு இலை வாங்கிக் கொடுக்கும் ஏஜென்ட் பக்கத்து ஹட்டிக்காரர் (ஹட்டி என்றால் படுகர் ஊர்), எனக்கு மாமா முறை. சாயங்காலம் ரோட்டோரம் தராசைத் தொங்கவிட்டு மூட்டையை நிறுப்பார். ஈரத்துக்கென்று கொஞ்சம் கழித்து, சின்ன நோட்டில் எழுதிக்கொள்வார். விலை அன்றைக்குத் தெரியாது. மாதம் முடிந்து ஃபேக்டரி சொல்வதுதான். ஆனால் அக்கா கல்யாணத்தின்போது வங்கியில் அந்தப் பத்திரம் இந்தப் பத்திரம் என்று இழுத்தடிக்க, ராத்திரி ஒன்பது மணிக்கு வீடு தேடி வந்து பணம் கொடுத்தவரும் அவரே. கையெழுத்துக்கூட வாங்கவில்லை. கடன் தீரும்வரை எங்கள் இலை அவருக்குத்தான். ஒரு மூட்டையை வேறு ஃபேக்டரி வண்டியில் ஏற்றியிருந்தால், அந்த வருஷம் படுகர்கள் எல்லாரும் கூடும் ஹெத்தையம்மன் பண்டிகைக்கு அப்பா தலைநிமிர்ந்து போயிருக்க முடியாது.

பண்பாடு என்கிறோமே, அதில் பாதி இதுதான்: ஏமாற்றினால் சேதி வீட்டுக்கு முன்னால் வந்து நிற்கும். நகரத்தார் பர்மாவுக்கு ஏஜெண்டுகளை அனுப்பியபோது அவர்களுடைய ஒன்பது குலக் கோயில்களின் பங்காளிகளும் சம்பந்தி வீடுகளும் செய்த காவலும் இதேதான்.

உலகச் சந்தை மாமாவின் நோட்டுக்குள் எப்போதோ வந்துவிட்டது. சோவியத் யூனியன் எங்கள் தேயிலைத் தூளை டாலர் இல்லாமல் ரூபாய்க் கணக்கிலேயே அள்ளியது. 1991-ல் அந்த நாடே உடைந்தது. 90களின் கடைசியில் கொழுந்து விலை விழுந்தபோது மாமா திண்ணையில் உட்கார்ந்து, “ஃபேக்டரியே தரலை மச்சான், நான் என்ன செய்ய?” என்றார். அப்பா காபி கொடுத்து அனுப்பினார். அடுத்த மாதம் அவரிடமே மறுபடி கடன் வாங்கினார். சண்டை போட ஆள் கிடைக்காத சந்தையில் நஷ்டம் இப்படித்தான் உறவுக்காரர்களுக்கு நடுவில் வந்து இறங்குகிறது. தாங்கிப் பிடிப்பதும் உறவுதான், கட்டிப் போடுவதும் அதுதான்.

1963-ல் தொடங்கிய குன்னூர் தேயிலை ஏலம் இன்று கணினியில் நடக்கிறது. வாங்குகிறவர் முகத்தை விற்கிறவர் பார்க்க வேண்டியதில்லை. கரைந்தது அந்த மேல்முனைதான். கீழே மாமாவின் மகன் டிஜிட்டல் தராசு வைத்திருக்கிறான், பணம் ஜிபேயில் வருகிறது, முன்பணமும் கேட்டால் உண்டு. அப்பா இன்றைக்கும் தராசுப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. நான் பார்ப்பேன். அவனுக்கு முகம் சுருங்கும்.