மழைக்குப் பிறகு மதகில் விரால் இல்லையா?

கோடையில் மதகுப் பக்கம் தூண்டிலில் மாட்டின ரப்பர் தவளையைக் கவ்விய விரால், ஏரி நிரம்பியதும் காணோம்னு கேட்டிருந்தீங்க. யாராவது வலைபோட்டு அள்ளிட்டாங்கன்னு நினைக்காதீங்க நண்பரே, இரை இடம் மாறியிருக்கும். அப்போ தண்ணீர் சுருங்கி, பொடிமீன் எல்லாம் மதகுப் பள்ளத்தில் அடைஞ்சு கிடந்துச்சு. இப்போ புல் மூழ்கிய கரை முழுக்கத் தவளை, பூச்சி, கெண்டைக்குஞ்சு. விரால் செடிமறைவில் பதுங்கிப் பாயுற மீன். பக்கத்திலேயே இரை கிடைச்சா அந்தச் சின்ன வட்டத்தை விட்டு அதிகம் நகராது. குறைஞ்சா தேடிப் போகும். நேரடியாகக் காற்றையும் சுவாசிக்கிறதால முழங்கால் ஆழம்கூட அதுக்குப் போதும். வரத்துக்கால் வாய், நீர் ஏறிய வயலோரம் போட்டுப் பாருங்க. விராலோட செந்நிறக் குஞ்சுக் கூட்டம் தெரிஞ்சா மட்டும் தூண்டிலைச் சுருட்டிடுங்க. கீழே காவல் நிற்கிற விரால் பசிக்காகப் பாயுறதில்லை, குஞ்சைக் காக்கத்தான் பாயுது.