எந்தப் பாகம் போனது? – சொந்தமாகக் கட்டிய டெஸ்க்டாப் பற்றிய கேள்வி பதில்

கேட்பதற்கு முன் ஒரு வேண்டுகோள். "கணினி ஓடவில்லை" என்று மட்டும் எழுதாதீர்கள். ஃபேன் சுற்றுகிறதா, மதர்போர்டில் எந்த விளக்கு எரிகிறது, கடைசியாக எதைக் கழற்றி எதை மாட்டினீர்கள் என்பதைச் சொல்லுங்கள். பாதிக் கோளாறு அங்கேயே பிடிபட்டுவிடும்.

கேள்வி: நேற்று வரை நன்றாக ஓடியது. இன்று பட்டனை அழுத்தினால் ஃபேன்கள் அரை நொடி சுற்றி நின்றுவிடுகின்றன. எஸ்எம்பிஎஸ் (கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டி) போய்விட்டதா ஐயா?

பதில்: போயிருக்கலாம். ஆனால் அது தன் கடமையைச் செய்துதான் நின்றிருக்கிறது என்பதற்கும் அதே அளவு வாய்ப்பு உண்டு. எங்கேனும் ஷார்ட் இருந்தால் நல்ல எஸ்எம்பிஎஸ் உடனே தன்னை அணைத்துக்கொள்ளும். ஆகவே கோளாறு அதனிடமா, அதிலிருந்து மின்சாரம் எடுக்கும் பாகத்திடமா என்று முதலில் பிரியுங்கள்.

பவர் கார்டைப் பிடுங்கிவிட்டு, கிராபிக்ஸ் கார்டு, டிஸ்க்குகள், முன்பக்க யுஎஸ்பி கேபிள் எல்லாவற்றையும் கழற்றுங்கள். மதர்போர்டு, பிராசஸர், அதன் ஃபேன், ஒரே ஒரு ராம் மட்டும் மிஞ்சட்டும். இப்போது நிற்காமல் ஓடினால், கழற்றியவற்றில் ஒன்றுதான் காரணம். ஒவ்வொன்றாக மாட்டிப் பாருங்கள். இரண்டைச் சேர்த்து மாட்டினால் இவ்வளவு நேரம் செய்த வேலை வீண்.

அப்படியும் நின்றால், மதர்போர்டை கேபினட்டிலிருந்து எடுத்து ஒரு காய்ந்த அட்டையின் மேல் வைத்து முயலுங்கள். பின்புறம் உருண்டு மாட்டிக்கொண்ட ஒரு ஸ்குரூ போதும், முழுக் கணினியையும் நிறுத்திவிடும். அதிலும் தீரவில்லையென்றால், பிராசஸருக்கு மின்சாரம் தரும் 8 பின் கேபிளை மட்டும் கழற்றிவிட்டு இயக்குங்கள். ஃபேன் தொடர்ந்து சுற்றுகிறதா என்று பார்த்து வந்து சொல்லுங்கள்.

கேள்வி: ரைசன் 5 5600 பிராசஸர் போட்டுப் புதிதாகக் கட்டினேன். எல்லா ஃபேனும் சுற்றுகிறது, திரை கறுப்பு. மானிட்டர் கேபிள் மதர்போர்டில் இருக்கிறது.

பதில்: அந்தப் பிராசஸரில் திரைக்குப் படம் அனுப்பும் கிராபிக்ஸ் பகுதி கிடையாது. கேபிளை கிராபிக்ஸ் கார்டில் செருகுங்கள்.

கேள்வி: டிடிஆர்5 ராம் மாட்டியதும் திரை கறுப்பாகவே இருக்கிறது. இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு ஐந்து முறை அணைத்து அணைத்துப் போட்டேன்.

பதில்: அணைத்ததுதான் தவறு. புது ராமை முதன்முதலாகக் காணும்போது மதர்போர்டு அதன் நேரக் கணக்குகளைச் சோதித்துப் பார்த்து அமைத்துக்கொள்கிறது. அதற்குப் பல நிமிடங்கள் ஆகலாம். ஒவ்வொரு முறை நீங்கள் அணைக்கும்போதும் அது முதலிலிருந்து தொடங்குகிறது. கால் மணி நேரம் தொடாமல் விடுங்கள். பிறகும் வரவில்லையென்றால், ஒரு ராமை மட்டும், பிராசஸரிலிருந்து எண்ணினால் இரண்டாவதாக வரும் ஸ்லாட்டில் மாட்டுங்கள்.

கேள்வி: எஸ்எம்பிஎஸ்ஸின் பச்சை வயரையும் கறுப்பு வயரையும் பேப்பர் கிளிப்பால் இணைத்தேன். ஃபேன் சுற்றியது. மல்டிமீட்டரில் 12.1 வோல்ட். ஆக எஸ்எம்பிஎஸ் நன்றாக இருக்கிறது, சரிதானே?

பதில்: சரியில்லை. அது முழுக்கச் செத்துவிடவில்லை என்பது மட்டுமே தெரிந்திருக்கிறது. வெறும் வண்டியை இழுக்கும் மாட்டைப் பார்த்து, அது பாரத்தையும் இழுக்கும் என்று சொல்லிவிட முடியாது.

கேள்வி (வேறொருவர்): இதை நான் மறுக்கிறேன். ஏடிஎக்ஸ் (எஸ்எம்பிஎஸ்களுக்கான தரநிலை) விதிப்படி 12 வோல்ட்டில் 5 சதவீதம் கூடலாம், குறையலாம். 12.1 தாராளமாக அதற்குள் இருக்கிறது. நான் பல ஆண்டுகளாக இந்தச் சோதனையை வைத்துத்தான் பழுது பார்க்கிறேன். உங்களைப் போன்றவர்கள் சொல்வதைக் கேட்டுத்தான் மக்கள் நல்ல எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றுகிறார்கள்.

பதில்: ஏடிஎக்ஸ் 3.0க்கு முந்தைய விதிக்கு எண் சரி. 11.4 முதல் 12.6 வரை போகலாம். ஆனால் அந்த எல்லைக்குள் சுமையின்போதும் நிற்க வேண்டும் என்பதுதான் விதி. கிளிப் சோதனையில் சுமை ஏது? ஃபேன் ஒன்றுதானே! மேலும் 12 வோல்ட் வழியில் அலைவு (வோல்டேஜின் வேகமான சிறு ஏற்ற இறக்கம்) 120 மில்லிவோல்ட்டைத் தாண்டக் கூடாது என்றும் அதே விதி சொல்கிறது. வயதான கபாசிட்டர்கள் முதலில் கெடுப்பது அதைத்தான். மல்டிமீட்டர் சராசரியைக் காட்டுமே தவிர அலைவைக் காட்டாது.

கேள்வி (அவரே): அப்படியானால் விளையாட்டு ஓடும்போது அளந்தால் ஒப்புக்கொள்வீர்களா?

பதில்: மகிழ்ச்சியாக. கனெக்டரின் பின்பக்கத்திலிருந்து 12 வோல்ட் தரும் மஞ்சள் வயரைத் தொட்டு, கிராபிக்ஸ் கார்டு முழு வேலை செய்யும்போது அளங்கள். முனை நழுவி பக்கத்து பின்னைத் தொடாமல் கவனம். 12.1 இருந்தது 11க்கு இறங்கினால் அது சாட்சி. இறங்காவிட்டாலும் முழு விடுதலை கிடையாது, ஏனென்றால் நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்கில் வரும் சரிவை மீட்டர் பிடிக்காது. ஆனால் நீங்கள் சொன்ன ஒன்று முற்றிலும் உண்மை. சோதிக்காமலே எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றச் சொல்வதும் தவறுதான்.

கேள்வி: விண்டோஸில் "கெர்னல் பவர் 41" என்று வருகிறது. பவர் என்று இருப்பதால் எஸ்எம்பிஎஸ்தானே?

பதில்: இல்லை. முறையாக அணைக்கப்படாமல் கணினி மறுபடி தொடங்கியது என்பதே அதன் பொருள். காரணம் ராம், சூடு, டிரைவர் எதுவாகவும் இருக்கலாம்.

கேள்வி: விளையாட்டைத் திறந்தால் "வீடியோ மெமரி போதவில்லை" என்று நின்றுவிடுகிறது. கிராபிக்ஸ் கார்டில் 16 ஜிபி இருக்கிறது. கார்டை மாற்றவா?

பதில்: பொறுங்கள். பிராசஸர் எது? இன்டெல் 13 அல்லது 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசஸர் என்றால் சந்தேகம் முதலில் அதன் மேல் விழ வேண்டும். அவற்றில் பலவற்றை அளவுக்கு மீறிய வோல்டேஜ் மெல்ல மெல்லக் கெடுத்தது. ஷேடர்களை (காட்சிகளை வரையும் சிறு நிரல்களை) தயாரிக்கும் கட்டத்தில் பிராசஸர் பிழை செய்ய, செய்தி மட்டும் கிராபிக்ஸ் கார்டைக் குற்றம் சொல்கிறது. 2024 ஆகஸ்டு முதல் பயாஸ் (மதர்போர்டின் அடிப்படை மென்பொருள்) வழியாகத் திருத்தங்கள் வந்தன. உடனே பயாஸைப் புதுப்பியுங்கள். ஆனால் திருத்தம் மேலும் கெடாமல் தடுக்கும், ஏற்கெனவே கெட்டதைத் திருப்பித் தராது. பாதிக்கப்பட்ட வகைகளுக்கு இன்டெல் உத்தரவாதத்தை 2 ஆண்டுகள் நீட்டித்திருக்கிறது. புதுக் கார்டு வாங்குவதற்கு முன் அதைக் கேளுங்கள்.

கேள்வி: எஸ்எம்பிஎஸ் மட்டும் மாற்றினேன். பழைய கேபிள்கள் நன்றாக இருந்ததால் அவற்றையே புதியதில் செருகினேன். இரண்டு டிஸ்க்கும் தெரியவில்லை.

பதில்: உடனே பிடுங்குங்கள். மாடுலர் கேபிளின் (எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து கழற்றி மாட்டக்கூடிய கேபிளின்) எஸ்எம்பிஎஸ் பக்க முனைக்குப் பொதுவான விதி இல்லை. செருக இடம் கொடுத்தாலும் 5 வோல்ட் வர வேண்டிய பின்னில் 12 வோல்ட் வரலாம். இதே தவறால் நானும் இரண்டு டிஸ்க்கை இழந்தேன், அவற்றிலிருந்த படங்களோடு. புதியதோடு வந்த கேபிளில் ஒருமுறை மாட்டிப் பாருங்கள். தெரியவில்லையென்றால், தரவு முக்கியம் எனில், மேலும் மின்சாரம் கொடுக்காமல் மீட்புப் பணியாளரிடம் கொடுங்கள்.

கேள்வி: திரை கறுப்பு, ஃபேன் சுற்றுகிறது. என்ன செய்ய?

பதில்: மேலே இதைப் பற்றி இரண்டு முறை எழுதியாகிவிட்டது. படித்துவிட்டு, எந்த விளக்கு எரிகிறது என்று சொல்லுங்கள்.

கேள்வி: எஸ்எம்பிஎஸ்ஸைத் திறந்து உப்பிய கபாசிட்டரை மாற்றலாமா?

பதில்: கூடாது தம்பி. பவர் கார்டைப் பிடுங்கிய பிறகும் உள்ளே 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம். இதில் மட்டும் என்னோடு வாதாடாதே.

கேள்வி: ஃபேன் சுற்றுகிறது, திரை கறுப்பு...

பதில்: மேலே பாருங்கள்.

கேள்வி (முதலில் கேட்டவர்): ஐயா, 8 பின் கேபிளைக் கழற்றினேன். ஃபேன் நிற்காமல் சுற்றுகிறது. மாட்டினால் உடனே நிற்கிறது.

பதில்: அப்படியானால் எஸ்எம்பிஎஸ் பெரும்பாலும் குற்றமற்றது. பிராசஸருக்கு மின்சாரம் தரும் பகுதியில் ஷார்ட். பவர் கார்டைப் பிடுங்கி, பிராசஸரைக் கழற்றிவிட்டு, மதர்போர்டின் 8 பின் சாக்கெட்டில் 12 வோல்ட் பின்னுக்கும் கிரவுண்டுக்கும் இடையே மின்தடையை (ஓம்) அளங்கள். சுழியத்தை ஒட்டி நின்றால் போனது மதர்போர்டுதான். சோதித்துப் பார்க்கிறேன் என்று வேறொரு நல்ல பிராசஸரை அதில் வைத்துவிடாதீர்கள், அதையும் அது கொன்றுவிடக்கூடும். அளந்த எண்ணைச் சொல்லுங்கள், காத்திருக்கிறேன்.