பொருள் 149 ரூபாய், கூரியர் 120 ரூபாய்: கேட்க வழி இருக்கிறதா?

ஆன்லைனில் வாங்கும்போது டெலிவரி கட்டணத்தில் நடக்கும் அநியாயம் பற்றி வந்த கேள்விகளை மட்டும் இந்த முறை எடுத்துக்கொள்கிறேன். பத்து ரூபாய், இருபது ரூபாய்தானே என்று விட்டுவிடுகிற பணம் இது. அப்படி விட்டுவிடுவார்கள் என்று தெரிந்துதான் சிலர் வாங்குகிறார்கள். அதனால் கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம்.

கேள்வி: ஒரு ஆன்லைன் கடையில் எவர்சில்வர் டீ வடிகட்டி 149 ரூபாய் என்று பார்த்து ஆர்டர் போட்டேன். பெயர், முகவரி, போன் நம்பர் எல்லாம் கொடுத்துவிட்டுக் கடைசியில் பணம் கட்டும் பக்கத்துக்குப் போனால் ஷிப்பிங் 99, ஹேண்ட்லிங் 21 என்று சேர்ந்து 269 ஆகிவிட்டது. அவசரத் தேவை என்பதால் கட்டிவிட்டேன். ஒரு வடிகட்டிக்கு 120 ரூபாய் கூரியரா? இதற்கெல்லாம் சட்டமே இல்லையா?
- திண்டுக்கல் வாசகி

பதில்: டெலிவரிக்கு இவ்வளவுதான் வாங்கலாம் என்று உச்சவரம்பு வைக்கும் சட்டம் நம் நாட்டில் இல்லை. 120 என்ன, 300 ரூபாய்கூட ஒரு கடை கேட்கலாம். ஆனால் அதை மறைக்காமல் சொல்ல வேண்டும் என்பதற்குச் சட்டம் இருக்கிறது. நீங்கள் பிடிக்க வேண்டியது அந்த நுனியைத்தான்.

நுகர்வோர் பாதுகாப்பு (மின்வணிக) விதிகள் 2020-இல் ஜூலை மாதம் வந்தன. பொருளின் மொத்த விலையை ஒரே தொகையாகக் காட்ட வேண்டும், அந்தத் தொகைக்குள் டெலிவரி கட்டணம், தபால் மற்றும் ஹேண்ட்லிங் கட்டணம், வரி எல்லாம் எவ்வளவு என்று பிரித்தும் காட்ட வேண்டும் என்று அந்த விதிகள் சொல்கின்றன. பெரிய தளங்களில் கடை போட்டிருக்கும் விற்பனையாளருக்கும், சொந்த வெப்சைட் வைத்து விற்பவருக்கும் இது பொருந்தும்.

அதற்கப்புறம் 2023 நவம்பர் 30 அன்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ‘டார்க் பேட்டர்ன்’ எனப்படும் ஏமாற்று வடிவமைப்புகளுக்கு எதிராக வழிகாட்டு நெறிமுறைகளை வெளியிட்டது. தடை செய்யப்பட்ட 13 உத்திகள் அதில் இருக்கின்றன. ‘டிரிப் பிரைசிங்’ அதில் ஒன்று: விலையின் ஒரு பகுதியை முதலில் காட்டாமல் வைத்திருந்து, வாங்குபவர் பாதி தூரம் வந்த பிறகு நைசாக நுழைப்பது. உங்களுக்கு நடந்தது கிட்டத்தட்ட இதேதான். முகவரி, போன் நம்பர் எல்லாம் டைப் செய்து களைத்த பிறகு யாரும் திரும்பிப் போக மாட்டார்கள் என்ற கணக்கு.

இதில் ஒரு சிக்கலையும் சொல்லிவிடுகிறேன். நமக்குத் தெரியாமல் கார்ட்டில் வேறு எதையாவது சேர்ப்பதையும் அதே நெறிமுறைகள் தடை செய்கின்றன. ஆனால் வாங்கும் நேரத்தில் வெளிப்படையாகக் காட்டப்படும் டெலிவரி கட்டணம் அந்தத் தடையில் வராது என்று அங்கேயே விலக்கும் கொடுத்திருக்கிறார்கள். கடைக்காரர் இதைத்தான் பிடித்துக்கொள்வார்: “பணம் கட்டுவதற்கு முன்னால் காட்டினோமே, நீங்கள்தானே ஒத்துக்கொண்டீர்கள்” என்பார். 99 ரூபாய் ஷிப்பிங் விஷயத்தில் அவர் வாதம் கொஞ்சம் நிற்கும். அந்த 21 ரூபாய் ஹேண்ட்லிங் எதற்கு என்று விளக்கமே இல்லையென்றால் அங்கே அவர் தடுமாறுவார். ‘பார்சல் பாதுகாப்பு’, ‘நன்கொடை’ என்று ஏதாவது ஒரு கட்டத்தில் ஏற்கெனவே டிக் போட்டு வைத்திருந்தார்களா என்றும் பாருங்கள். முன்கூட்டியே டிக் போட்டு வைத்து அதையே சம்மதமாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்று 2020 விதிகளிலேயே இருக்கிறது. அப்படி இருந்தால் வாதமே வேண்டாம், பணத்தைத் திருப்பிக் கேளுங்கள்.

எப்படிக் கேட்பது? முதலில் அந்த வெப்சைட்டின் குறைதீர் அதிகாரிக்கு மெயில் போடுங்கள். அவர் பெயரும் தொடர்பு விவரமும் தளத்தில் இருந்தே ஆக வேண்டும். புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். மெயிலில் கதை வேண்டாம். ஆர்டர் எண், முதல் பக்கத்தில் காட்டிய விலை, கடைசிப் பக்கத்தில் வந்த விலை, எவ்வளவு திரும்ப வேண்டும், இது போதும். பதில் வரவில்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழிலேயே பேசலாம். 8800001915 என்ற வாட்ஸ்அப் எண்ணும் உண்டு. அவர்கள் தீர்ப்பு சொல்பவர்கள் இல்லை, புகாரை நிறுவனத்திடம் கொண்டுபோய்ப் பதில் வாங்கித் தருபவர்கள். ஆனாலும் நம் மெயிலுக்கு அசையாத நிறுவனங்கள் அங்கிருந்து போகும் புகாருக்கு அசைவது உண்டு.

அடுத்த முறைக்கு ஒரு பழக்கம் வைத்துக்கொள்ளுங்கள். பொருள் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். விலை எந்தப் பக்கத்தில் ஏறியது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது.

கேள்வி: ஒரே விற்பனையாளரிடம் நான்கு பொருட்கள் வாங்கினேன். ஒவ்வொன்றுக்கும் 50 ரூபாய் வீதம் 200 ரூபாய் டெலிவரி சார்ஜ். கடைசியில் நான்கும் ஒரே பெட்டியில் வந்தன. மிச்சத்தைக் கேட்கலாமா?
- திருநெல்வேலி வாசகர்

பதில்: கண்டிப்பாகக் கேளுங்கள். பெட்டியைத் தூக்கிப் போட்டுவிட்டீர்களா? இல்லையென்றால் மேலே ஒட்டியிருக்கும் லேபிளைப் பாருங்கள். பார்கோடும் அதை ஒட்டி ஒரு நீள எண்ணும் இருக்கும். கூரியர்காரர்கள் அதை ஏ.டபிள்யூ.பி. நம்பர் என்பார்கள். பல லேபிள்களில் பார்சலின் எடையும் அச்சாகியிருக்கும். ஒரு பெட்டிக்கு ஒரு எண் என்றால் விற்பனையாளர் கூரியருக்குக் கொடுத்ததும் ஒரு பார்சலுக்கான பணம்தான். லேபிளைப் போட்டோ எடுத்து, பில்லோடு சேர்த்து அனுப்பி, “ஒரே பார்சலாக அனுப்பிவிட்டு நான்கு பார்சலுக்கு ஏன் வாங்கினீர்கள்?” என்று எழுதுங்கள். பொருளுக்கு இவ்வளவு என்று முன்பே காட்டியிருந்தால் திருப்பித் தரக் கட்டாயப்படுத்துவது கஷ்டம். ஆனால் மானமுள்ள சிறு வியாபாரிகள் பலர் கேட்டாலே தந்துவிடுவார்கள். இனி நாலைந்து பொருள் வாங்குவதாக இருந்தால் ஆர்டருக்கு முன்பே மெசேஜ் போட்டு, சேர்த்து அனுப்பினால் எவ்வளவு என்று எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

கேள்வி: ஒரு கிலோகூட இல்லாத தலையணைக்கு ஏழு கிலோவுக்கான கூரியர் சார்ஜ் போட்டிருக்கிறார்கள். பகல் கொள்ளை இல்லையா?
- ஈரோடு வாசகர்

பதில்: கோபம் நியாயம்தான், ஆனால் இது பெரும்பாலும் கொள்ளை இல்லை. வண்டியில் இடத்தை அடைக்கும் பொருளுக்குக் கூரியர் நிறுவனங்கள் கன அளவை வைத்து எடை போடுகின்றன. நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் அளந்து பெருக்கி, பல நிறுவனங்கள் 5000-ஆல் வகுக்கும். 60, 40, 15 சென்டிமீட்டர் பெட்டி என்றால் 36,000 வரும். 5000-ஆல் வகுத்தால் 7.2 கிலோ. நிஜ எடை, இந்தக் கணக்கு எடை இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் பணம். பெட்டியை டேப் வைத்து நீங்களே அளந்து பாருங்கள். கணக்கு பொருந்தாவிட்டால் மட்டும் சண்டைக்குப் போங்கள். காற்றை உறிஞ்சிச் சுருட்டி அனுப்பும் தலையணைகளும் கிடைக்கின்றன, கூரியர் செலவு பாதிக்கும் கீழே இறங்கும்.

கேள்வி: எம்.ஆர்.பி. 90 ரூபாய் என்று பாக்கெட்டிலேயே அச்சடித்திருக்கிறது. டெலிவரியோடு 150 வாங்கினார்கள். எம்.ஆர்.பி.க்கு மேல் வாங்கக் கூடாது அல்லவா?
- சேலம் வாசகி

பதில்: பில்லைப் பிரித்துப் பாருங்கள். பொருள் 90, டெலிவரி 60 என்று தனித்தனியாக இருந்தால், டெலிவரி வேறு சேவை, அதற்குத் தனியாக வாங்கலாம். பொருளையே 150 என்று போட்டு, பக்கத்தில் ‘டெலிவரி இலவசம்’ என்று எழுதியிருந்தால் அது அச்சடித்த விலையை மீறிய விற்பனை. 2011-ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள் விதிகளின்படி குற்றம். தமிழ்நாட்டில் இதைக் கவனிப்பது தொழிலாளர் துறையின் சட்டமுறை எடையளவுப் பிரிவு. பாக்கெட்டில் எம்.ஆர்.பி. தெரியும்படி ஒரு போட்டோவும் பில்லும் இருந்தால் போதும்.

கேள்வி: சுடிதார் ஒன்று வாங்கினேன். படத்தில் பாட்டில் பச்சை, வந்தது கிளிப்பச்சை. தோள்பட்டையில் தையலும் விட்டிருந்தது. ரிட்டர்ன் ஏற்றுக்கொண்டார்கள். ஆனால் “டெலிவரி சார்ஜ் 80 ரூபாய் திரும்ப வராது, திருப்பி அனுப்பும் கூரியர் செலவும் உங்களுடையது” என்கிறார்கள். பாலிசியில் அப்படித்தான் இருக்கிறதாம்.
- காரைக்குடி வாசகி

பதில்: இந்த ஒரு கேள்விக்காகவே இந்தப் பகுதியை எழுதலாம் என்று தோன்றுகிறது. அவ்வளவு பேர் இதில் ஏமாறுகிறார்கள்.

இரண்டு விஷயங்களைத் தனித்தனியாகப் பிரித்துக்கொள்ளுங்கள். பொருள் நன்றாகத்தான் இருக்கிறது, நமக்குப் பிடிக்கவில்லை, அளவு தப்பாகச் சொல்லிவிட்டோம் என்றால் கடையின் பாலிசிதான் பேசும். வாங்கியதைக் காரணமே சொல்லாமல் திருப்பித் தரும் உரிமையை நம் சட்டம் கொடுக்கவில்லை. பிரிட்டனில் ஆன்லைனில் வாங்கியதைப் பொதுவாக 14 நாளுக்குள் ரத்து செய்யலாம், சாதாரண டெலிவரி கட்டணத்தையும் சேர்த்தே திருப்பித் தர வேண்டும். இங்கே அது இல்லை. அப்படிப்பட்ட ரிட்டர்னில் கூரியர் செலவு நம்முடையது என்று முன்கூட்டியே தெளிவாகச் சொல்லியிருந்தால் கட்டத்தான் வேண்டும். சொல்லாமல் பிறகு கேட்டால் மறுக்கலாம், ஏனென்றால் ரிட்டர்ன் கூரியர் செலவு யாருடையது என்பதைத் தெளிவாக அறிவிக்க வேண்டும் என்பதும் விதியில் இருக்கிறது.

உங்கள் விஷயம் அது இல்லை. சொன்ன நிறம் வேறு, வந்த நிறம் வேறு. தையலும் விட்டிருக்கிறது. பொருள் பழுதாக இருந்தாலோ, விளம்பரத்தில் சொன்னபடி இல்லாவிட்டாலோ, சொன்ன தேதிக்கு மேல் தாமதமாக வந்தாலோ விற்பனையாளர் திரும்ப எடுத்துக்கொள்ளவும் கொடுத்த பணத்தைத் திருப்பித் தரவும் மறுக்கக் கூடாது என்கின்றன 2020 விதிகள். (தாமதத்துக்கு வெள்ளம், புயல் போன்ற காரணங்கள் விலக்கு.) நீங்கள் கொடுத்த பணம் என்பது சுடிதார் விலை மட்டும் இல்லை, மொத்த பில். அந்த 80 ரூபாயும் அதற்குள்தான் இருக்கிறது. அவர்கள் பாலிசியில் என்ன எழுதி வைத்திருந்தாலும் அரசு விதிக்கு மேலே அது போக முடியாது. “இது பிடிக்காமல் திருப்புவது அல்ல, பழுதான பொருள். டெலிவரி கட்டணத்தோடு முழுத் தொகையும் வேண்டும், பார்சலை எடுத்துப்போக நீங்களே ஆள் அனுப்புங்கள்” என்று எழுதுங்கள். ‘பழுது’ என்ற காரணத்தைத் தேர்ந்தெடுத்து ரிட்டர்ன் போடுவது முக்கியம். அவசரத்தில் ‘பிடிக்கவில்லை’ என்பதைத் தட்டிவிட்டால் அதையே நமக்கு எதிராகக் காட்டுவார்கள்.

விட்ட தையலைக் கிட்டத்தில் வைத்து ஒரு போட்டோ எடுங்கள். நிறத்துக்குப் பகல் வெளிச்சத்தில் எடுங்கள், டியூப் லைட்டில் எந்தப் பச்சையும் வேறு மாதிரி தெரியும்.

அதற்கும் மசியவில்லையென்றால் 1915, அதற்கும் மேலே மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். ஐந்து லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்குப் புகார்க் கட்டணம் கிடையாது. கடை டெல்லியில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே போடலாம், வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதில்லை. இ-ஜாக்ரிதி இணையதளம் வழியாகவும் போடலாம். இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். 80 ரூபாய்க்காக இவ்வளவு தூரமா என்று வீட்டில் கேட்பார்கள். ஆணையத்துக்குப் போகத் தயார் என்று எழுதியதுமே பணம் திரும்பி வருவதும் உண்டு.

கேள்வி: கேஷ் ஆன் டெலிவரி என்றால் கூடுதலாக ஒரு தொகை போடுகிறார்கள். சரியா?
- விழுப்புரம் வாசகர்

பதில்: பணத்தை வசூலித்துக் கொண்டுபோய்ச் சேர்க்க விற்பனையாளருக்கும் கூரியர் தரப்பில் செலவு உண்டு. முன்பே சொல்லி வாங்கினால் உடனே தப்பு என்று சொல்லிவிட முடியாது. ஆனால் இதில் வந்த புகார்களை 2025 அக்டோபரில் மத்திய நுகர்வோர் விவகார அமைச்சர் பிரல்ஹாத் ஜோஷி டார்க் பேட்டர்ன் என்றே குறிப்பிட்டு, விசாரணை தொடங்கியிருப்பதாக அறிவித்தார். கடைசிப் பக்கத்தில் திடீரென்று ஏறியிருந்தால் தயங்காமல் 1915-இல் பதிவு செய்யுங்கள். தெரியாத கடையில் வாங்கும்போது அந்தச் சில ரூபாய் கொடுத்தாவது கேஷ் ஆன் டெலிவரி போடுவதே நல்லது என்பது என் கருத்து.

கேள்வி: 120 ரூபாய் புத்தகத்துக்கு 70 ரூபாய் கூரியர். புத்தகம் வாங்கும் ஆசையே போய்விடுகிறது.
- தஞ்சாவூர் வாசகர்

பதில்: எனக்கும் இது வருத்தம் தரும் விஷயம். கூரியரை விட்டுத் தபாலைக் கேளுங்கள். அஞ்சல் துறை 2025 மே 1 முதல் ‘ஞான் போஸ்ட்’ என்ற சேவையை நடத்துகிறது. 300 கிராம் வரை 20 ரூபாய், ஐந்து கிலோ வரை 100 ரூபாய், வரி தனி. பாடப் புத்தகங்கள், போட்டித் தேர்வு நூல்கள், சமூக, பண்பாட்டு, சமய நூல்கள் இதில் போகும். வார, மாத இதழ்களும் விளம்பரம் உள்ள வெளியீடுகளும் போகாது. தரைவழியாகப் போவதால் சில நாள் கூடுதலாகும், ஆனால் பார்சல் எங்கே இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளலாம். உங்கள் புத்தகம் இந்த வகையில் வருமா என்று பதிப்பகத்துக்குப் போன் செய்து கேளுங்கள். வெப்சைட்டில் கூரியர் மட்டும் இருந்தாலும், கேட்பவருக்குத் தபாலில் அனுப்பும் பதிப்பகங்கள் இருக்கின்றன. நண்பர்கள் நாலு பேர் சேர்ந்து ஒரே பார்சலாக வாங்கினால் ஒரு புத்தகத்துக்கு விழும் செலவு இன்னும் குறையும்.

கேள்வி: “முகவரி முழுமையாக இல்லை, பார்சல் திரும்பிப் போகிறது, மறு டெலிவரிக்கு 25 ரூபாய் கட்டுங்கள்” என்று லிங்கோடு மெசேஜ் வந்தது. நான் ஒரு பார்சலை எதிர்பார்த்துக்கொண்டிருந்ததால் கார்டு நம்பர் கொடுத்துவிட்டேன்.
- கோயம்புத்தூர் வாசகி

பதில்: இதைப் படித்ததும் முதல் வேலையாக பேங்குக்குப் போன் செய்து கார்டை பிளாக் செய்யுங்கள். அந்த 25 ரூபாய் அவர்களுக்குத் தேவையே இல்லை, கார்டு விவரம்தான் குறி. அஞ்சல் துறை இப்படி லிங்க் அனுப்பி முகவரியைத் திருத்தச் சொல்வதில்லை என்று மத்திய அரசின் பத்திரிகைத் தகவல் அலுவலகமே எச்சரித்திருக்கிறது. கணக்கிலிருந்து பணம் போயிருந்தால் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணில் சொல்லுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, பணத்தை நடுவழியில் நிறுத்த அவ்வளவு வாய்ப்பு. மெசேஜை அழிக்க வேண்டாம், புகாருக்குத் தேவைப்படும். நிஜமான பார்சல் எங்கே இருக்கிறது என்பதை, வாங்கிய கடையின் ஆப்பில் உங்கள் ஆர்டருக்குள் போய்ப் பாருங்கள்.