ரோமிலிருந்து ஒரே நாளில் ஃபிளாரன்ஸ்: பேருந்தா, ரயிலா?

வணக்கம். முழங்கால் வலியுள்ள அம்மாவோடு ரோமிலிருந்து ஒரு நாள் ஃபிளாரன்ஸ் போகப் பேருந்துச் சுற்றுலாவா, ரயில் சுற்றுலாவா என்று கேட்டிருந்தீர்கள். ரயிலிலேயே போங்கள். அதிவேக ரயிலில் ஒன்றரை மணி நேரம்தான். பேருந்தில் போவதற்கு மட்டுமே மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகிவிடும், பாவம் அம்மா.

நீங்கள் சொன்ன திங்கட்கிழமை மட்டும் வேண்டாம். உஃபிஸி, அகாதமியா என்ற இரண்டு கலை அருங்காட்சியகங்களுக்கும் அன்று விடுமுறை. அப்புறம், சுற்றுலா விவரத்தில் மைக்கலாஞ்சலோ செதுக்கிய 'டேவிட் சிலை' என்று மட்டும் போட்டிருந்தால் அகாதமியா நுழைவுச்சீட்டும் சேர்த்தியா என்று கேட்டுவிடுங்கள். அசல் அகாதமியாவுக்குள் இருக்கிறது; சிக்னோரியா சதுக்கத்தில் நிற்பது நகல்தான். 5 மீட்டருக்கு மேல் உயர்ந்து நிற்கும் அசலின் வலது கையில் நரம்புகள் புடைத்திருப்பதை அம்மா அவசியம் பார்க்க வேண்டும். ஃபிளாரன்ஸ் பேராலயத்தின் குவிமாடம் ஏறும் சுற்றுலாவை விட்டுவிடுங்கள்: 463 படிகள், லிஃப்ட் கிடையாது.